அந்தக் குழந்தை யாரை அழைத்துப் பாடுகிறது?
‘அன்னி’யும் தமிழ்ப் படங்களின் அநாதைப் பிள்ளைகளும்

கேள்வி

ஜான் ஹூஸ்டன் இயக்கி 1982இல் வந்த ‘அன்னி’ என்ற ஹாலிவுட் இசைப்படமும், ஏவிஎம் 1960இல் வெளியிட்ட ‘களத்தூர் கண்ணம்மா’வும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. பெற்றோர் யாரென்று அறியாத ஒரு குழந்தை, ஓர் அநாதை இல்லம், வசதி படைத்த ஒரு மனிதர், எல்லோர் மனத்திலும் தங்கிவிட்ட ஒரு பாட்டு. போய்ச் சேரும் இடம்தான் வேறு. அன்னியைப் பெற்றவர்கள் இறந்துவிட்டார்கள் என்பது கதையின் பிற்பகுதியில் உறுதியாகிறது. அவளைப் பெறாத ஒருவர் அவளை மகளாக ஏற்கிறார். ‘களத்தூர் கண்ணம்மா’வின் செல்வத்துக்கோ பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். அவன் அவர்களிடமே போய்ச் சேர்கிறான். அதாவது, அவன் அநாதையாக ஒருநாளும் இருந்ததில்லை என்று படம் நம்மிடம் சொல்லி முடிக்கிறது.

இந்த வேறுபாடு ஏன் வந்தது? தமிழின் குழந்தை நட்சத்திரப் படங்கள் அநாதைக் குழந்தையைப் பிறர் வீட்டுப் பிள்ளையாக வளரவிடத் தயங்கியது எதனால்? இதற்கான விடையைக் கதைச் சுருக்கங்களில் தேடுவதைவிடப் பாட்டுகளில் தேடுவது பலனளிக்கும் என்று நினைக்கிறேன். அநாதைக் குழந்தை பாடும்போது யாரை அழைத்துப் பாடுகிறது, அந்தக் குரல் யாருடையது என்ற இரண்டையும் கவனித்தால், ஒரு சமூகம் அந்தக் குழந்தைக்கு யாரைப் பொறுப்பாக்குகிறது என்பது தெரிந்துவிடும்.

இவ்வகைப் படங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. இவை கண்ணீரை விற்ற படங்கள், அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பது ஒன்று. இவை ஹாலிவுட்டைப் பார்த்துச் செய்த நகல்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1930களில் பேபி சரோஜாவை ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்றே அழைத்தார்கள். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் குட்டி பத்மினி இரட்டை வேடமேற்ற ‘குழந்தையும் தெய்வமும்’ (1965), டிஸ்னியின் ‘தி பேரன்ட் டிராப்’ (1961) படத்தைத் தழுவியது. அந்தப் படமும் எரிக் கெஸ்ட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளரின் சிறுவர் நாவலிலிருந்து வந்ததுதான். ஆனால் நகல் என்று சொல்வதோடு ஆய்வு முடிந்துவிடாது. எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று பார்ப்பதுதான் மிச்சமுள்ள வேலை. அநாதை விஷயத்தில் விட்டுவிட்டது மிகப் பெரியது.

டெம்பிளிலிருந்து அன்னிக்கு

முதலில் மூலத்தைப் பார்த்துவிடலாம். 1928இல் பிறந்த ஷெர்லி டெம்பிள், 1935 முதல் 1938 வரை அமெரிக்கத் திரையரங்க வசூலில் முதலிடத்தில் இருந்தவர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வந்த அவருடைய படங்களில் அநாதைக் கதைகள் அடிக்கடி வருகின்றன. ‘பிரைட் ஐஸ்’ (1934) படத்தில் விமானியான தகப்பனை இழந்த குழந்தை தாயையும் இழக்கிறாள். அவளை யார் வளர்ப்பது என்பதுதான் அதன்பிறகு கதை. ‘கர்லி டாப்’ (1935) படத்தில் அநாதை இல்லத்தின் செல்வந்த அறங்காவலர் ஒருவர் அவளைத் தத்தெடுக்கிறார். கூடவே அவளுடைய அக்காவைக் காதலிக்கிறார். அதே ஆண்டின் ‘தி லிட்டில் கர்னல்’ படத்தில் மகளோடு பேச்சை முறித்துக்கொண்ட தாத்தாவின் மனத்தைப் பேத்தி கரைக்கிறாள்.

ஆக, டெம்பிள் படங்களில் குழந்தைக்கு இரண்டு வேலைகள். கல்நெஞ்சுப் பணக்காரர்களை இளக்க வேண்டும். பிரிந்த குடும்பத்தைச் சேர்க்க வேண்டும். பிற்காலத்தில் இந்த இரண்டும் தனித்தனியே பிரிந்து போயின. முதல் வேலையை ‘அன்னி’ எடுத்துக்கொண்டது. இரண்டாவதைத் தமிழ், இந்திப் படங்கள் எடுத்துக்கொண்டன.

அன்னியின் கதை ஹாரால்ட் கிரே 1924இல் தொடங்கிய செய்தித்தாள் சித்திரத் தொடரில் பிறந்தது. சார்லஸ் ஸ்ட்ரௌஸ் இசையில் 1977இல் பிராட்வே மேடைக்கு வந்த நாடகம் 2,377 முறை நடந்தது. அதற்குப் பிறகுதான் ஹூஸ்டனின் படம். கிரே, அதிபர் ரூஸ்வெல்ட்டின் கொள்கைகளை வெறுத்தவர். நாடகமோ அந்த ரூஸ்வெல்ட்டையே மேடையேற்றி, வேலையில்லாத நாட்டின் தலைவருக்கு முன்னால் ஓர் அநாதைச் சிறுமியை நிற்க வைத்து, நாளை விடியும் என்று பாடச் செய்தது. படத்திலும் அவள் வெள்ளை மாளிகைக்குப் போகிறாள்; அதிபரும் சேர்ந்து பாடுகிறார். அவளுடைய பாட்டு கடவுளிடம் கேட்கும் பாட்டில்லை. வரப்போகும் நாளிடமும், அந்த நாளுக்குப் பொறுப்பான அரசிடமும் பேசும் பாட்டு அது.

இந்தக் கதையில் நம் கவனத்துக்கு முக்கியமான பொருள் ஒன்று உண்டு: அன்னியின் கழுத்தில் கிடக்கும் பாதி லாக்கெட். மறுபாதியோடு பெற்றோர் வருவார்கள் என்று அவள் நம்பிக் காத்திருக்கிறாள். கோடீஸ்வரரான வார்பக்ஸ், பெற்றோரைக் கண்டுபிடிக்க 50,000 டாலர் பரிசு அறிவிக்கிறார். அநாதை இல்லத்தின் மேலாளர் மிஸ் ஹானிகனின் தம்பியும் அவனுடைய காதலியும் பெற்றோர் வேடமிட்டு வந்து நிற்கிறார்கள். அடையாளப் பொருள் வேலை செய்கிறது, ஆனால் மோசடிக்காக. உண்மைப் பெற்றோர் என்றைக்கோ இறந்துவிட்டார்கள். பெற்ற உரிமை கோரி வருகிறவரை நம்பாதே என்கிறது படம். வளர்க்க விரும்புகிறவரை நம்பு என்கிறது.

லாக்கெட், பாதி நாணயம், கையில் பச்சை, சிறுவயதில் பாடிய பாட்டு என்று அடையாளங்களால் குடும்பம் சேரும் படங்களில் வளர்ந்த நமக்கு இது சற்றே அதிர்ச்சியான திருப்பம். திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில், தொழிற்சாலைப் பணியிலிருக்கும் அக்கம்பக்கத்தவர் சிலரோடு இந்தப் படத்தைப் பார்த்தபோது, லாக்கெட் காட்டப்பட்ட கணத்திலேயே கதை எப்படி முடியும் என்று அவர்கள் தமக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். வார்பக்ஸ்தான் நிஜத் தகப்பனாக இருப்பார் என்று ஒரு பெண்மணி சொன்னார். படம் முடிந்த பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. சொந்தம் என்று ஒருவர்கூட இல்லாமல் பிள்ளையை எப்படி விட்டுவிட்டார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காட்டிய ஏமாற்றத்தில் அறுபது ஆண்டுத் தமிழ்ப் படங்களின் பயிற்சி இருக்கிறது.

‘அன்னி’யை இங்கே நான் உயர்த்திப் பிடிக்கவில்லை. ரத்த உறவை விலக்கிவிட்டு அது அந்த இடத்தில் வைப்பது கோடீஸ்வரரின் மாளிகையை. இல்லத்தில் அன்னியோடு தரை தேய்த்த மற்றச் சிறுமிகள் கடைசிக் காட்சியின் விருந்துக்கு வருகிறார்கள். மறுநாள் அவர்கள் எங்கே போவார்கள் என்பதைப் படம் கேட்கவில்லை. வார்பக்ஸின் மெய்க்காப்பாளராகத் தலைப்பாகையும் மந்திர சக்தியுமாக வரும் ‘பஞ்சாப்’ என்ற பாத்திரத்தைப் பார்க்கும் எந்த இந்தியருக்கும் மனம் கசக்கும். ஆனாலும், பெற்றோர் இல்லாத குழந்தை பெற்றோர் இல்லாத குழந்தையாகவே இருந்துகொண்டு மகிழ்ச்சியடையலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. அதை மறுக்க முடியாது.

சாரு: காலத்தால் முந்தியவள்

தமிழில் இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று தேடினால், கே. சுப்ரமண்யம் இயக்கிய இரண்டு படங்களில் வந்து நிற்கிறோம். ‘பாலயோகினி’ (1937), ‘தியாகபூமி’ (1939). இரண்டிலும் நடித்த பேபி சரோஜா, இயக்குநரின் சகோதரர் மகள். ‘பாலயோகினி’யில் உயர்சாதி உறவினர்கள் விரட்டிவிட, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த வேலைக்காரரின் வீடுதான் அந்தச் சிறுமிக்கு அடைக்கலம் தருகிறது. சொந்தக்காரர் கைவிட்ட பிள்ளையைச் சொந்தமில்லாதவர் ஏற்கும் கதையை, சாதிக் கோட்டைத் தாண்டி, தமிழ்ச் சினிமா பேசத் தொடங்கிய ஆறே ஆண்டுகளில் எடுத்துவிட்டார்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

‘தியாகபூமி’ இன்னும் தூரம் போகிறது. கல்கி எழுதி, படக் காட்சிகளின் புகைப்படங்களோடு ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்த கதை அது. கணவன் வீட்டில் கொடுமைப்பட்டுத் துரத்தப்பட்ட சாவித்திரி, கைக்குழந்தையை உறங்கிக்கொண்டிருக்கும் தன் தகப்பனார் சம்பு சாஸ்திரியின் பக்கத்தில் விட்டுவிட்டு மறைந்துவிடுகிறாள். கிடைத்த குழந்தை தன் பேத்தி என்று அவருக்குத் தெரியாது. ஏழைகள் வாழும் சாவடிக்குப்பத்தில், யாரோ பெற்ற பிள்ளையாகவே நினைத்து அவளுக்குச் சாரு என்று பெயரிட்டு வளர்க்கிறார். சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன். பார்ப்பவருக்கு உறவு தெரியும், வளர்ப்பவருக்குத் தெரியாது. அதனால் அவருடைய அன்புக்கு ரத்தம் காரணமாக இல்லை. இந்த இரட்டை ஏற்பாடு மிக நுட்பமானது: வளர்ப்புப் பாசத்தை முழுமையாகக் காட்டவும் முடிகிறது, உறவு அறுபடவில்லை என்று பார்வையாளரைத் தேற்றவும் முடிகிறது.

பிறகு சாவித்திரி, உமாராணி என்ற பெயரில் பெரும் செல்வத்தோடு திரும்பி வருகிறாள். குப்பத்துச் சிறுமி மீது பாசம் கொண்டு அவளைத் தன் மாளிகைக்கு அழைத்துக்கொள்ளும் பணக்காரி அவள்தான். வார்பக்ஸின் இடத்தில் இங்கே ஒரு பெண் நிற்கிறாள்; அவளே பெற்ற தாயாகவும் இருக்கிறாள். அமெரிக்கக் கதையில் புரவலர் வேறு, பெற்றோர் வேறு. தமிழில் இருவரும் ஒரே ஆள். ஆனால் குடும்பம் சேர்வதோடு படம் முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சேர்ந்து வாழக் கோரி வழக்குப் போடும் கணவனிடம், வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்று நீதிமன்றத்தில் சொல்கிறாள் சாவித்திரி; பின்னர் விடுதலைப் போராட்டத்தில் இறங்குகிறாள். சாரு தாயையும் தகப்பனையும் சேர்த்துவைக்கவில்லை. சேர்த்துவைக்கும்படி படம் அவளைக் கேட்கவுமில்லை. வெள்ளை அரசு 1940இல் இந்தப் படத்தைத் தடைசெய்தது.

அடுத்த இருபதாண்டுகளில் இந்தத் துணிவு எங்கே போயிற்று என்பதுதான் அடுத்துப் பார்க்க வேண்டியது.

வாரிசாகும் அநாதை

‘களத்தூர் கண்ணம்மா’வின் கதை ஜாவர் சீதாராமனுடையது, டி. பிரகாஷ் ராவ் தொடங்க, ஏ. பீம்சிங் இயக்கி முடித்த படம். ஜமீன்தார் மகன் ராஜலிங்கமும் (ஜெமினி கணேசன்) குடியானவர் மகள் கண்ணம்மாவும் (சாவித்திரி) ரகசியமாகத் திருமணம் செய்துகொள்கிறார்கள். குழந்தை பிறந்ததும் மானத்துக்கு அஞ்சிய கண்ணம்மாவின் தகப்பனார் அதை அநாதை இல்லத்தில் சேர்த்துவிட்டு, இறந்துவிட்டதாக மகளிடம் சொல்லிவிடுகிறார். அந்தக் குழந்தைதான் செல்வம். ஐந்து வயதுக் கமல்ஹாசன்.

இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. முதலாவது, ரகசியத் திருமணம். ஊர் அறியாவிட்டாலும் கடவுள் அறிய நடந்த திருமணம் என்று படம் முன்கூட்டியே நமக்குக் காட்டிவிடுகிறது. செல்வம் ‘முறைப்படி’ பிறந்தவன் என்ற சான்றிதழ் அவன் பிறப்பதற்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. அன்னியின் பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருந்ததா என்று அந்தப் படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. இரண்டாவது, ஜமீன். மதராஸ் மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த படத்திலோ அநாதை இல்லத்துப் பையன் ஜமீன் வாரிசாக இருக்கிறான். அவனோடு அதே பாயில் படுத்த மற்றப் பையன்கள் யாருடைய வாரிசும் இல்லை. ஆகவே அவர்களுக்குக் கதையும் இல்லை.

இதற்கு முன் 1957இல் வந்த ‘யார் பையன்’ படத்தை இங்கே சொல்ல வேண்டும். வங்காளப் படமொன்றின் வழிவந்த கதை. டெய்ஸி இரானி நடித்த அந்தக் குழந்தை, சம்பந்தமில்லாத ஒருவரை அப்பா என்று ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுதலே படத்தின் நகைச்சுவையும் நெகிழ்ச்சியும். தலைப்பே கேள்வி, அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் படம் அமைதியடைவதில்லை. ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் வரும் இரட்டையருக்கு இரு பெற்றோரும் உண்டு. பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பதுதான் அவர்களுடைய முழுநேர வேலை. 1939இல் சாருவிடம் கேட்கப்படாத வேலை 1965இல் பிள்ளைகளின் கடமையாகிவிட்டது.

யாருடைய குரல்

செல்வம் முருகன் முன்னால் கைகூப்பிப் பாடும் பாட்டைத் தமிழர் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தாயும் தந்தையும் நீயே என்று முருகனையே பெற்றோராக்கிக்கொள்ளும் பாட்டு. ஆர். சுதர்சனத்தின் இசை. சின்னஞ்சிறு முகம், உதட்டசைவின் பிசகாத ஒழுங்கு, விழியில் தேங்கி நிற்கும் நீர். அந்த முகத்திலிருந்து வருவது எம்.எஸ். ராஜேஸ்வரியின் குரல். 1932இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு.

ஏவிஎம்மின் மாதச் சம்பளப் பாடகியாக இருந்த ராஜேஸ்வரி, ‘நாம் இருவர்’ (1947) படத்தில் பேபி கமலாவுக்குப் பாடினார். ‘களத்தூர் கண்ணம்மா’வில் கமலுக்கு, ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் குட்டி பத்மினிக்கு. நம் நினைவிலுள்ள தமிழ்க் குழந்தையின் குரல் பெரும்பாலும் ஒரே பெண்ணின் குரல். பேபி சரோஜா தன் பாட்டைத் தானே பாடிய காலம் வேறு. ஏ.வி. மெய்யப்பன் எடுத்த ‘நந்தகுமார்’ (1938) படத்தோடு பின்னணிப் பாடல் நுழைந்த பிறகு, குழந்தையின் உடலும் குரலும் பிரிந்தன. டெம்பிள் தன் குரலில்தான் பாடினார். ‘அன்னி’யாக நடித்த ஐலீன் குவினும் அப்படியே. அவர்களுடைய பாட்டில் மூச்சு வாங்கும், சுருதி சற்றே தடுமாறும்.

இதை ஒரு தொழில்நுட்ப விவரமாக மட்டும் கடந்துபோக எனக்கு மனமில்லை. ராஜேஸ்வரியின் குரல் குழந்தைத்தனத்தை அபாரமாகக் கொண்டுவந்தது. அந்தக் கலைக்கு ஈடில்லை. ஆனாலும் வளர்ந்த பெண்ணின் குரலுக்கே உரிய கட்டுப்பாடும் தேர்ச்சியும் அதில் இருக்கின்றன. கேட்கும்போது குழந்தையின் ஏக்கமும், அந்தக் குழந்தையை இழந்த தாயின் ஏக்கமும் ஒரே குரலில் கலந்து ஒலிக்கின்றன. செல்வம் முருகனை அழைக்கிறான். அந்தப் பாட்டுக்குள்ளேயே கண்ணம்மாவும் இருக்கிறாள். தாய் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் கதை சொல்வதற்கு முன் குரல் சொல்லிவிடுகிறது. மணவாள நகரில் என்னோடு ‘அன்னி’ பார்த்தவர்களின் காது அந்தக் குரலில் பழகியது.

சட்டம் ஒரு காரணமா?

பழைய இந்துச் சட்டத்தில் சுவீகாரம் என்பது ஆண் வாரிசுக்கான ஏற்பாடு. பெண் குழந்தையைத் தத்தெடுக்க அதில் இடமில்லை. தேவதாசிக் குடும்பங்களில் பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் வழக்கம் இருந்ததையும், அதை மதராஸ் நீதிமன்றங்கள் ஏற்றதையும் விதிவிலக்காகச் சொல்லலாம். 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம்தான் பெண்ணையும் தத்தெடுக்கலாம் என்று ஆக்கியது. அப்போதும் கணவன் இருக்கும் பெண் தன் பெயரில் தத்தெடுக்க முடியவில்லை. 2010 திருத்தத்தில்தான் அது மாறியது.

ஆகவே 1939இல் ஒரு பணக்காரி குப்பத்துச் சிறுமியைச் சட்டப்படி மகளாக்கிக்கொள்ளும் கதையை எழுத வழியே இல்லை. உமாராணியைப் பெற்ற தாயாக்கியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று வாதிடலாம். எனக்கு இந்த வாதம் பாதிதான் ஏற்பு. ‘களத்தூர் கண்ணம்மா’ வந்தபோது சட்டம் வந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. செல்வத்தை வேறு யாரோ தத்தெடுப்பதாகக் கதை எழுதியிருக்கலாம். கதை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சட்டத்தைவிட வலுவான தடை பார்வையாளரின் அச்சத்தில் இருந்தது: பெயர் தெரியாத பிள்ளையின் சாதி என்ன என்ற, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. ‘பாலயோகினி’ அந்தக் கேள்வியை நேராக எடுத்துப் பேசியது. 1960களின் படங்கள் விடையை முன்பே தயார்செய்து வைத்துக்கொண்டு குழந்தையை இல்லத்துக்குள் அனுப்பின. செல்வம் ஜமீன் ரத்தம் என்று தெரிந்துகொண்டுதான் நாம் அவனுக்காக அழுதோம்.

1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, பெற்றோர் விட்டுச்சென்ற பெண் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு முதன்முறையாக இவ்வளவு வெளிப்படையாக அரசின் கைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்பே, 1988இல், பாசில் இயக்கிய ‘என் பொம்முக்குட்டி அம்மாவுக்கு’ படம், தன் பிள்ளையை இழந்த தம்பதி இல்லத்திலிருந்து ஒரு சிறுமியை எடுத்து வளர்ப்பதையும், பெற்ற தாயின் பக்கத்திலிருந்து குழந்தையைக் கேட்கும்போது எழும் போராட்டத்தையும் பேசியது. மலையாளத்திலிருந்து வந்த கதைதான். ஆயினும் வளர்த்தவளுக்கும் உரிமை உண்டு என்ற வாதத்தைத் தமிழ்த் திரையில் கேட்க அது ஓர் இடம் கொடுத்தது.

கார்த்திகைப் பெண்கள்

வளர்ப்புப் பிள்ளையை ஏற்க மறுப்பது தமிழ்ப் பண்பாட்டின் இயல்பு என்று யாராவது சொன்னால் நான் கடுமையாக மறுப்பேன். செல்வம் கைகூப்பி நின்ற தெய்வத்தையே பார்ப்போம். சரவணப் பொய்கையில் கிடந்த ஆறு குழந்தைகளுக்குப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். உமையாள் வந்து அறுவரையும் ஒருவனாகச் சேர்த்து அணைத்தாள் என்பது உண்மைதான். ஆனால் அதனால் வளர்த்தவர்கள் மறக்கப்படவில்லை. அவர்களுடைய நாளே முருகனின் நாளாயிற்று. ஆடிக் கிருத்திகைக்குத் திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்குப் போகும் ரயில்களில் மஞ்சள் உடையும் காவடியுமாக நிற்க இடமில்லாமல் செல்லும் கூட்டம், வளர்ப்புத் தாய்மாரின் பெயரிலான நாளைத்தான் கொண்டாடப் போகிறது. அந்த மலையில் முருகனோடு இருக்கும் வள்ளியோ வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்து, வேடர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்த்தவள். சாதி தெரியாத பெண் குழந்தை. மலைக்குறவர் வீட்டில் தினைப்புனம் காத்தவள்.

திருவில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்ட கோதையைப் பெரியாழ்வார் வளர்த்தார். அதே பெரியாழ்வார்தான் யசோதையின் வாயிலாகக் கண்ணனைக் குழந்தையாகப் பாடியவர். யசோதையும் பெற்றவள் இல்லை, வளர்த்தவள். ஆண் ஒருவர், வளர்ப்புத் தாயின் குரலை எடுத்துக்கொண்டு, பிள்ளையை நோக்கிப் பாடுகிறார்: பின்னாளில் பிள்ளைத்தமிழாக விரிந்த மரபின் ஊற்றுகளில் இது ஒன்று. அந்த மரபில் குழந்தை பாடுவதில்லை. குழந்தையை நோக்கிப் பெரியவர் பாடுகிறார். கைவிடப்பட்ட குழந்தை தானே நின்று பாடுவது நமக்குச் சினிமா கொண்டுவந்த வடிவம். மரபிலிருந்த வளர்ப்புத் தாயை விட்டுவிட்டு, புது வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் செல்வம் தெய்வத்திடம் முறையிட வேண்டியதாயிற்று என்பது என் வாசிப்பு. மரபை நினைவில் வைத்திருந்தால், இல்லத்துக்குள் ஒரு கார்த்திகைப் பெண்ணைப் படைத்திருக்க முடியும்.

சம்பு சாஸ்திரி அந்த மரபுக்கு அருகில் வந்தவர். தன் பக்கத்தில் கிடைத்த பெண் குழந்தையை வளர்க்கும் பக்திப் பாடகர் என்ற சித்திரத்தில் பெரியாழ்வாரின் சாயல் தெரியாமல் போகாது.

அமுதா

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) இந்த வரிசையில் ஒரு பெரிய திருப்பம். ராமேசுவரம் அகதி முகாமில் ஒரு பெண் குழந்தையைப் பெற்று விட்டுவிட்டு, ஷியாமா (நந்திதா தாஸ்) போர் நடக்கும் இலங்கைக்குத் திரும்பிவிடுகிறாள். திருச்செல்வன் (மாதவன்) என்ற எழுத்தாளர் அந்தக் குழந்தையை எடுத்து வளர்க்க விரும்புகிறார். திருமணமானவர்களுக்குத்தான் தருவோம் என்கிறார்கள். அதற்காகவும்கூட அவர் இந்திராவை (சிம்ரன்) மணக்கிறார். தத்தெடுப்பு குடும்பத்தையே உண்டாக்குகிறது. அந்தக் குழந்தையான அமுதாவிடம் ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மையைச் சொல்கிறார்கள். பெற்றவளைத் தேடி அவள் இலங்கைவரை போகிறாள்; சந்திக்கவும் செய்கிறாள். ஷியாமா அவளோடு வரவில்லை. அமுதா இந்திராவிடமே திரும்புகிறாள். அமுதாவாக நடித்த கீர்த்தனா தேசிய விருது பெற்றார்.

இங்கே பெற்றவள் போலி இல்லை, ‘அன்னி’யில் வருவதைப் போல. வளர்த்தவள் ஒதுங்கவும் இல்லை, ஏவிஎம் படங்களில் நேர்வதைப் போல. இரண்டு தாய்மாரும் உண்மை. குழந்தை இருவரையும் தெரிந்துகொண்டு ஒருவரோடு வாழ்கிறாள். பாட்டும் மாறிவிட்டது. ஏ.ஆர். ரகுமான் இசையில் சின்மயியும் பி. ஜெயச்சந்திரனும் தனித்தனியே பாடிய தலைப்புப் பாட்டில் குழந்தை யாரையும் அழைக்கவில்லை. வளர்த்தவர்கள் குழந்தையை நோக்கிப் பாடுகிறார்கள். வைரமுத்துவின் பாட்டுக்கும் ரகுமானின் இசைக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. நான்கு தலைமுறைச் சினிமாவுக்குப் பிறகு அநாதைக் குழந்தையின் பாட்டு, யசோதையின் குரலுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் வெள்ளை மாளிகையில் அன்னி பாடியதற்கு இணையான ஒன்று இந்தப் படத்திலும் இல்லை. நம் அநாதைப் பிள்ளைகள் தெய்வத்தை அழைத்தார்கள், பெற்றோரைத் தேடினார்கள், வளர்த்தவர்களின் மடியில் அமர்ந்தார்கள். நான் பார்த்த படங்களில் அரசைப் பார்த்துப் பாடியவர்கள் இல்லை. அரசிடம் கேட்க வேண்டிய இந்தக் கேள்வி எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. அங்கே பிறந்து, அங்கேயே படித்து, சுற்றியுள்ள சிப்காட் ஆலைகளின் புகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தாயும் தகப்பனும் கூடவே இருக்கிறார்கள். 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. முகாமில் பெற்றோரால் கைவிடப்பட்ட அமுதா, சென்னையில் ஓர் எழுத்தாளரின் மகளாக, எந்த அதிகாரியும் கேள்வி கேட்காத இந்தியச் சிறுமியாக வளர்கிறாள். ஷியாமா அவளைக் கூடவே வைத்துக்கொண்டு முகாமிலேயே இருந்திருந்தால் அவளுடைய நிலை என்ன என்பதைப் படம் கேட்கவில்லை. தத்தெடுப்பு அமுதாவுக்குக் கொடுத்தவற்றில் வீடும் தாயும் மட்டும் இல்லை, நாடும் இருக்கிறது. முகாமில் பெற்றோரோடு வளரும் பிள்ளைக்கு அதைக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதற்கு நம் இசையமைப்பாளர்கள் இன்னும் ஒரு பாட்டு அமைக்கவில்லை.